அரைக்கிணறு தாண்டிய கார்



1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பம்பாய் மாநகரில் நடைபெற்ற 38-ஆவது அகில உலக நற்கருணை மாநாட்டுக்குப் பாப்பரசர் ஆறாம் பவுல் எழுந்தருளினார். நம் முதியோர் அவரை ஆறாம் சின்னப்பர் என்றே குறிப்பிடுவர். இந்திய மண்ணை மிதித்த முதல் பாப்பரசர் அவரே. மக்கள் வெள்ளத்தினூடே அவர் சென்றது மேற்கூரை திறந்த, வெண்ணிற லிங்கன் கார் ஒன்றில். அமெரிக்க மக்களின் அன்பளிப்பாக வந்த அக்காரை, அவர் புறப்படும்போது அன்னை தெரசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஒருமுறையேனும் ஏறிச் சென்றதில்லை. சீட்டுக் குலுக்கலில் அதனை வைத்து, வந்த பணத்தைத் தொழுநோயாளருக்காக ஆசன்சோல் அருகே எழுந்த சாந்திநகர் குடியிருப்புக்குச் செலவிட்டார். தந்தவரும் பெற்றவரும் பின்னாளில் புனிதர் வரிசையில் சேர்க்கப்பட்டனர்: அன்னை 2016-இலும், பாப்பரசர் 2018-இலும். ஒரு புனிதர் மற்றொரு புனிதருக்குத் தந்த கார் என்று அதனைப் போற்றிப் பாதுகாக்கவேண்டும் என்ற எண்ணம் அன்னைக்குத் தோன்றவில்லை. விற்பதற்குரிய பொருளை அவர் விற்றார், அவ்வளவே.

இந்நிகழ்ச்சியை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. பரவையைக் கடந்து திண்டுக்கல் சாலையில் வந்தால் சமயநல்லூர். இவ்வட்டாரத்துக் குடும்பம் ஒன்று தம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய கார் ஒன்றை விற்பது பற்றி நம்மிடம் ஆலோசனை கேட்டது. அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மேற்கூரை மடக்கும் வகை எனப்படுவது. குடும்பத் தலைவர் வாங்கியது. அவர் காலமானபின் மூத்த மகன் அதனைப் புதுப்பிக்கத் தொடங்கினார். பாதி வேலை முடிந்தது, கைப்பணமும் முடிந்தது. முன்பாதி மணப்பெண்போல் மின்னுகிறது. பின்பாதியோ துருவேறிக் கிடக்கிறது. கழற்றிய உறுப்புகள் நான்கு சாக்குகளில் இருக்கின்றன. "சாமி, கோயில் திருவிழாவில் குலுக்கலுக்கு விட்டால் என்ன?" என்றும் அவர்கள் கேட்டார்கள். அன்னை செய்ததை நாம் செய்ய இயலாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. கோயில் வளாகம் என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது. ஆகவே நேர்விற்பனைதான் வழி.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். விலைக்கு வாங்கும் மாட்டையோ பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். மாட்டுத்தாவணி என்ற பெயர் இன்று மதுரைப் பேருந்து நிலையத்தைக் குறிப்பினும், அச்சொல் எதிலிருந்து வந்தது என்பதை நம் ஊரார் மறந்திலர். தாவணியில் பல்லும் சுழியும் பார்த்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலைபேசிய பெரியோர் வழிவந்தவர் நாம். பாதி செப்பனிட்ட காரில் பல் எது, சுழி எது என்பதே நாம் ஆராயவேண்டியது.

ஹெரால்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959-இல் அதனை வெளியிட்டது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். முழு உடலையும் ஒரே கூடாகச் செய்துதரும் ஆலை அந்நிறுவனத்துக்கு அப்போது வாய்க்கவில்லை. ஆகவே தனியே ஒரு சட்டம், அதன்மேல் போல்ட் இட்டு முடுக்கும் பல துண்டுகள் என்று கட்டினார்கள். வசதியின்மையால் வந்த அந்த அமைப்பே பின்னர் அதன் பெருமையாயிற்று. முன்மூடி பக்கச் சிறகுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சினை மூன்று பக்கமும் நின்று பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். நம் ஊர்ச் சந்துகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இதனை இந்தியாவில் செய்தது. முதலில் இரண்டு கதவு. பின்னர் நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது, நம் நாட்டுக்கே உரியது. 1980களின் இறுதியில் அத்தொழிற்சாலை கார் செய்வதை நிறுத்திவிட்டது. எனவே உதிரி உறுப்பு வேண்டுவோர் சென்னைப் புதுப்பேட்டையில் அலையவேண்டும்; அன்றேல் இங்கிலாந்திலிருந்து சுங்கவரி கட்டி வரவழைக்கவேண்டும். அங்கே இன்றும் இக்காருக்குப் புதிய உறுப்புகள் செய்து விற்கிறார்கள்.

மேற்கூரையும் போல்ட் இட்டு முடுக்கப்பட்டதே என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர். இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. பட்டறைக்காரர் ஒருவர் மனம் வைத்தால், சாதாரண ஹெரால்டின் கூரையைக் கழற்றிவிட்டு, கம்பி வளைத்துக் கித்தான் போர்த்தி, மடக்குக் கூரைக் கார் என்று நிறுத்திவிடலாம். தொழிற்சாலையிலேயே மடக்குக் கூரையோடு பிறந்த வண்டி வேறு. இடையில் தலை கொய்யப்பட்ட வண்டி வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் விலையிலும், சட்டத்திலும், உயிர்ப்பாதுகாப்பிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

உயிர்ப்பாதுகாப்பை முதலில் பார்ப்போம். ஜீப்பைப்போல் ஹெரால்டின் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் கீழேயுள்ள சட்டம். அம்பாசிடர், பழைய பியட் ஆகியவற்றில் தனிச்சட்டம் இல்லை. தரை, தூண், கூரை அனைத்தும் சேர்ந்த கூடுதான் வண்டி. அவற்றின் கூரையை அறுத்தால் பெட்டியின் மூடியை எடுத்ததுபோல் உடல் தளர்ந்துவிடும்; மேடுபள்ளத்தில் கதவு திறந்துகொள்ளும், அல்லது திறக்கவே திறக்காது. கல்யாண ஊர்வலத்துக்கென்று கூரை அறுத்த அம்பாசிடர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். மாப்பிள்ளை அமர்ந்து ஆமை வேகத்தில் செல்வதற்கு அது தாங்கலாம். நான்கு வழிச் சாலையில் லாரிகளோடு ஓட்டுவதற்கு உரியதன்று. ஹெரால்டில் இவ்வாபத்து குறைவு; ஆயினும் சட்டத்தின் கிளைகள் துருப்பிடித்திருந்தால் அதுவும் அக்கதியையே அடையும். கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கியபின் கதவு இடிக்கிறதா என்று பார்த்தால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும்.

இனிச் சட்டம். பதிவுப் புத்தகத்தில் வண்டியின் உடல்வகை எழுதப்பட்டிருக்கும். தொழிற்சாலை செய்து பதிவான அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றக்கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. எனவே புத்தகத்தில் கூரையுள்ள கார் என்றிருக்க, கொட்டகையில் கூரையில்லாக் கார் நின்றால், வாங்குபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாயிலில் நின்று விழிக்க நேரிடும். அக்குடும்பத்தாரிடம் நாம் முதலில் கேட்டது இதுவே: "புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?" அவர்கள் கார் வாங்கி இத்தனை ஆண்டுகளில் அந்த வரியைப் படித்ததே இல்லை. நம்மில் எத்தனை பேர் நம் வண்டியின் புத்தகத்தைப் படித்திருக்கிறோம்!

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கெனத் தனி விதிகளை மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்டது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கழிந்திருக்கவேண்டும். சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும். இவ்வாறு பதிவு பெறும் வண்டியின் எண்ணில் "விஏ" என்னும் எழுத்துகள் வரும். புதுப்பதிவுக் கட்டணம் ரூ. 20,000, பத்தாண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு ரூ. 5,000. ஆனால் அவ்வண்டியில் நாள்தோறும் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்ல இயலாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எண்ணெய் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலையில் இறங்கலாம். விற்றால் விற்பவரும் வாங்குபவரும் 90 நாள்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். பொதுப் பதிவிலேயே வண்டியை வைத்துக்கொள்வதா, பழம்பெரும் வண்டியாகப் பதிவதா என்பதை வாங்குபவர் முடிவுசெய்வார். ஆனால் "மூல வடிவம்" என்ற இரு சொற்களுக்குள் அவர் கொடுக்கப்போகும் பணத்தின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. ஆகவே கூரை எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்பதை விற்பவர் வாய்திறந்து சொல்லியே தீரவேண்டும்.

"கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்லவேண்டும்?" என்று மூத்த மகன் வினவினார். நல்ல கேள்வி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதற்கு ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. அது மோசடியாகாது என்கிறது சட்டம். உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வாங்குபவள் அவருடைய மகளாய், அப்போதுதான் வயதுவந்தவளாய் இருந்தால், உண்மையைச் சொல்வது அவர் கடமை என்று அடுத்த வரி கூறுகிறது. மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. "நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருக்கிறது என்று கொள்வேன்" என்று வாங்குபவர் கூறுகிறார். விற்பவர் மௌனம் சாதிக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும் என்கிறது சட்டம். பாதி செப்பனிட்ட காரை வாங்க வருகிறவர், பளபளக்கும் வண்ணத்தைத் தடவிப் பார்த்து, "இந்தப் பக்கம் வேலை எல்லாம் முடிந்துவிட்டதல்லவா?" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். அப்போது நாம் தலையை ஆட்டாமல் நின்றாலும் ஆட்டியது போலத்தான்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதே பொருளை இறையியல் சுருக்கத்தில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது இது வணிகருக்கு உரியது என்று கடந்துபோனவர் பலர். விற்கும் பொருளில் உள்ள குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ நேருமாயின், கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அவரும் குதிரையைத்தான் காட்டுகிறார்: ஓட்டக் குதிரை என்று நொண்டிக் குதிரையை விற்கலாகாது, உறுதியான வீடு என்று இடிந்துவிழும் வீட்டை விற்கலாகாது. ஆனால் ஒற்றைக் கண் குதிரையின் குறை எவர் கண்ணுக்கும் தெரிவது. விலையிலும் அதற்கேற்பக் குறைத்திருந்தால் அதனைக் கூவிக்கூவிச் சொல்லவேண்டிய கடமை இல்லை என்கிறார். சொன்னால் வாங்குபவர் நியாயத்துக்கு மேலும் விலையைக் குறைப்பார் என்பதையும் அவர் கருதிப் பார்த்திருக்கிறார். விற்பவரும் மனிதரே என்பதை மறவாத இந்த நடைமுறை அறிவு நமக்கு மிகவும் பிடித்தது.

இந்த அளவுகோலை நம் ஹெரால்டின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் எதிர்பாராத முடிவு கிடைக்கிறது. கிழிந்த கித்தான் கூரை, பின்பாதித் துரு, பஞ்சு பிதுங்கும் இருக்கை இவையெல்லாம் ஒற்றைக் கண் குதிரை. வருகிறவர் அனைவரும் பார்ப்பர். அவற்றைப் பற்றி விற்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. அழகாயிருக்கும் முன்பாதிதான் நொண்டிக் குதிரையாக இருக்கக்கூடும். வேலை முடியாத இடத்தில் இரும்பு தன் நிலையைத் தானே கூறும். முடிந்த இடத்தில் வண்ணம் அதன் வாயை அடைத்திருக்கும். டிங்கர் வேலையில் இருவகை உண்டு. துருவேறிய தகட்டை அறுத்தெறிந்து, புதுத் தகடு வெட்டி, வெல்டிங் செய்து சமன்படுத்துவது ஒருவகை. துருவை மேலாகத் தேய்த்துவிட்டு, பட்டியை அப்பி, தேய்த்து, வண்ணம் அடிப்பது மற்றொரு வகை. பூசி மெழுகுதல் என்ற சொல் இதற்கு நன்றாகவே பொருந்தும். முதல்வகை பல ஆண்டு நிற்கும். இரண்டாம் வகை இரண்டு மழைக்குள் கொப்புளித்துவிடும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடல்மேல் நகர்த்தினால், பட்டி தடித்த இடத்தில் அது பிடிப்பற்று நழுவும். வாங்குபவர் காந்தம் கொண்டுவருமுன் விற்பவரே அச்சோதனையைச் செய்து, எந்தெந்த இடத்தில் தகடு, எந்தெந்த இடத்தில் பட்டி என்று ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். வேலை செய்த டிங்கரையே அழைத்துக் கேட்கலாம். மதுரையில் மோட்டார்த் தொழில் நூறாண்டு கடந்தது, 1911-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் இந்நகரில் வளர்ந்தது. அப்பரம்பரையில் கைபழகிய வேலைக்காரர்கள் தாம் செய்ததை மறைக்கமாட்டார்கள். பெரும்பாலும் பட்டியால் முடித்துவிடு என்று சொல்பவர் பணம் கொடுக்கும் முதலாளியே.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு குறை பெட்ரோல் செல்லும் வழியில் இருக்கிறது. இக்கார் பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயத்தின் காப்பு இன்றிப் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும். கடின உலோக வளையம் பொருத்தியிருந்தால் கவலையில்லை. 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரித்து வெடிக்கச் செய்யும். ஈரத்தை இழுத்துத் தொட்டிக்குள் துருவையும் உண்டாக்கும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் விளைவு என்ன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. குழாய்களை மாற்றவில்லையெனில், "மாற்றவில்லை, மாற்றாமல் கிளப்பவேண்டாம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்கவேண்டும். சக்கரத் தடைக் குழாய்களுக்கும் இதே விதி. இவ்விரண்டிலும் மௌனம் காப்பவரை நாம் எந்தச் சமாதானமும் கூறி விடுவிக்க ஆயத்தமாயில்லை.

சாக்குகளைப் பற்றியும் ஒரு சொல். கழற்றிப்போட்ட கார் பழுதுள்ள காரைவிட அதிகம் அஞ்சத்தக்கது. எது இருக்கிறது, எது காணாமற்போயிற்று என்பது கழற்றியவருக்கே தெரியாது. ஒரு விடுமுறை நாளில் வீட்டாரெல்லாம் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, சாக்குகளைக் கொட்டி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, சீட்டு எழுதிக் கட்டட்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வாங்குபவருக்கு அதுவே நம்பிக்கை. பட்டறை ரசீதுகள், கழற்றும்போது எடுத்த புகைப்படங்கள் இருந்தால் சேர்த்து வைக்கவேண்டும். "எடைக்குப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது" என்று பழைய இரும்புக் கடைக்காரர் ஆசை காட்டுவார். ஹெரால்டு வைத்திருக்கும் வேறொருவர் ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருப்பார் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். செம்மையாகப் பாதுகாத்த பழங்கார் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புவோர், ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் விளங்கும் கோயம்புத்தூருக்குச் செல்லட்டும்; அங்குள்ள கார் அருங்காட்சியகம் ஒருநாள் பயணத்துக்குத் தகுந்தது.

விலைக்கு வருவோம். மனக்கசப்பு பிறப்பது இங்கேதான். மூத்த மகன் தம் கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். தகடு இவ்வளவு, வெல்டிங் இவ்வளவு, குரோமிய முலாம் இவ்வளவு, போய்வந்த செலவு இவ்வளவு என்று வரிவரியாகக் கூட்டி, அடியில் அப்பாவின் நினைவுக்காகவும் மனத்தில் ஒரு தொகையைச் சேர்த்திருந்தார். செலவுக் கணக்கு வேறு, விலை வேறு. பாதி முடிந்த காரை வாங்குபவர் நாம் செலவழித்ததைப் பார்ப்பதில்லை. தாம் இனிச் செலவழிக்கவேண்டியதைப் பார்க்கிறார். முழுதாக முடிந்த ஹெரால்டு என்ன விலைக்குப் போகும் என்று அறிந்து, அதிலிருந்து மீதி வேலைக்கான செலவைக் கழித்து, அத்துன்பத்தை ஏற்பதற்காக மேலும் சிறிது கழித்தால் நிற்கும் தொகையே நியாய விலைக்கு அருகில் இருக்கும். பல வேளைகளில் அது செலவிட்ட தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். அது வாங்குபவரின் கஞ்சத்தனமன்று. அரைக்கிணறு தாண்டியதன் விலை.

மறுபுறம், வருகிறவர் கண்கலங்கி, "என் தாத்தா இதே காரைத்தான் வைத்திருந்தார்" என்று சொன்னால் விலையை உயர்த்தலாமா? அக்குவினாஸ் கூடாது என்கிறார். விற்பவருக்குத் தம் பொருளைப் பிரிவதால் தனி இழப்பு உண்டானால் அதற்கு ஈடு கேட்கலாம். வாங்குபவரின் தேவையும் ஆசையும் விற்பவரின் சொத்தல்ல. அவற்றுக்கு விலை வைக்க இவருக்கு உரிமை இல்லை. மகிழ்ந்து அவரே கூடுதலாகத் தந்தால் பெற்றுக்கொள்ளலாம். அப்படியானால் அப்பாவின் நினைவுக்காக மகன் சேர்த்த தொகை? பிரிவின் வருத்தம் மெய்யாயின் சிறிது சேர்க்கலாம் என்பது நம் கருத்து. ஆயினும் அத்தொகையைப் பார்த்து வருகிறவரெல்லாம் திரும்பிப் போனால், காரை விற்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை என்றே பொருள். அப்படியானால் வெளிப்படையாக விற்பதில்லை என்று கூறிவிடுவது நல்லது. வருகிறவர்களுக்குப் பயணச் செலவாவது மிஞ்சும்.

இவ்வளவும் பேசியபின் அக்குடும்பத்தின் தாயார் மெல்ல ஒரு கேள்வி கேட்டார்: "மகளுக்கு இதில் ஏதாவது உண்டா, சாமி?" அறையில் சிறிது நேரம் அமைதி. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு கிடையாது. மணமாகிச் சென்றவள் என்ற விலக்கும் கிடையாது. வீடு, நிலம் என்றால் இதை ஒத்துக்கொள்ளும் குடும்பங்களும், கார், துப்பாக்கி, பசுமாடு என்றால் ஆண்பிள்ளையின் உடைமை என்று கருதிவிடுகின்றன. சட்டம் அப்படிக் கருதவில்லை. பதிவுப் புத்தகம் இன்னும் தந்தையார் பெயரிலேயே இருந்தது. ஆகவே முதலில் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்ற வாரிசுகளின் இசைவோடு 31-ஆம் படிவம் கொடுத்து ஒருவர் பெயருக்கு மாற்றினாலன்றிக் காரை முறையாக விற்கவே முடியாது. மகளின் கையெழுத்தின்றி இது நடவாது.

மகன் செலவிட்ட பணத்தை என்ன செய்வது? சகோதரியும் தாயும் அறிந்து இசைந்தபின் செய்த வேலையாயின், ரசீது உள்ள செலவை விற்பனைத் தொகையிலிருந்து முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பது முறை. எவரையும் கேளாமல் தம் ஆசைக்குச் செய்ததாயின், அவ்வேலையால் காரின் விலை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவே அவர் கேட்கலாம். ஆசைக்குச் செலவிட்ட மீதி அவருடையதே. இது சட்டப் புத்தகத்தில் எழுதிய வாக்கியமன்று. குடும்பம் பிரியாதிருக்க நாம் கூறிய வழி. மகன் நெடுநேரம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னர், தங்கைக்குத் தாமே தொலைபேசியில் தெரிவிப்பதாகக் கூறினார். அவர் தெரிவித்ததாகவும், அவள், "கூரை திறந்திருக்க அப்பா நம்மை வைகைப் பாலத்துக்கு அழைத்துப் போனாரே, அந்தப் படம் ஒன்று எனக்கு வேண்டும்; பங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றதாகவும் பின்னர் அறிந்தோம். பங்கை அப்புறம் என்று விடாமல் எழுதிக் கையெழுத்திட்டு வைக்குமாறு தாயாரிடம் சொல்லியிருக்கிறோம். அன்பு நிறைந்திருக்கும் நாளில் எழுதுவது எளிது.

விற்றபின் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பலர் இதில் தவறுகிறார்கள். பணம் வந்தது, வண்டி போயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். 29, 30-ஆம் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்றம் பதிவாகும்வரை, பதிவேட்டில் உள்ளவரே சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கார் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எனப் பலமுறை கைமாறியிருந்தது, பதிவு மாறவில்லை. அக்கார் மோதி ஒரு குழந்தை இறந்தது. முதலில் விற்றவர், "எனக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்றார். பதிவேட்டில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பாதி செப்பனிட்ட காரில் இவ்வாபத்து அதிகம். வாங்குபவர், "வேலை முடிந்தபின் பெயர் மாற்றிக்கொள்கிறேன்" என்று இழுத்தடிப்பார். வேலை முடியாமலே வேறொருவருக்கு விற்றுவிடுவார். ஆகவே வண்டி கொட்டகையை விட்டு நகருமுன் படிவங்களில் கையெழுத்தாகி, அலுவலகத்தில் கொடுத்த ஒப்புகை கையில் இருக்கவேண்டும். காப்பீட்டையும் அப்போதே மாற்றச் சொல்லவேண்டும்.

குறைகளின் பட்டியல் இரு பிரதிகளாக எழுதப்பட்டு, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளட்டும். அக்குடும்பத்தார் எழுதிய பட்டியலை நாம் பார்த்தோம்; பதினேழு வரி. "இதைப் படித்தால் எவரும் வாங்கமாட்டார்" என்று மகன் அஞ்சினார். பழங்காரில் பழக்கமுள்ளவர் பதினேழு குறை எழுதிய காரை, குறையே எழுதாத காரைவிட முன்னதாக வாங்குவார் என்றோம்.

ஐப்பசி மழைக்குமுன் ஆள் வராவிட்டால் கித்தான் கூரையை ஈரத்தோடு மடக்கி வைக்கவேண்டாம். காயவைத்து, விரித்தபடியே விட்டு, மேலே தார்ப்பாய் போர்த்தவும். மடித்த கூரைக்குள் எலி குடியேறினால் பட்டியலில் பதினெட்டாவது வரி எழுதவேண்டிவரும்.